நாலாவது கதவு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடுகு எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். தோள்பட்டை வலி மட்டும் மழைக்கு மழை வந்து என்னை விசாரித்துவிட்டுப் போகிறது. உங்கள் முழங்கால் எப்படி? மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி மனமிரங்கி உட்கார ஒரு நாற்காலியாவது போட்டாரா?

கடை முகவரிக்கு எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு எழுதினால் யார் கையில் கிடைக்கும் என்று தெரியும். போன் செய்யலாம் என்றால் அது பட்டறையில் இருக்கிறது. மணி அடித்தால் அண்ணன்தான் எடுப்பான். அவன் "யாரு?" என்பான், நான் வைத்துவிடுவேன். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடியும் ஒரு பழைய கார் வாங்கப் பார்க்கிறேன். பட்டது போதாதா என்று கேட்காதீர்கள். போன தடவை என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். "என் சிநேகிதன் வண்டி, கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்று அண்ணன் சொன்னான். நானும் மூடிக்கொண்டேன். அது வெள்ளத்தில் முழுகி எழுந்த வண்டி என்பது, பின்சீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றபோதுதான் தெரிந்தது. ஊரார் வண்டிக்கெல்லாம் அடியில் படுத்துப் பார்க்கிற மெக்கானிக், சிநேகிதன் வண்டிக்கு மட்டும் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை! அந்த வண்டியோடு என் வேலையும் போனது. போனில் நாலு வார்த்தை கேட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் வைத்தவன்தான்.

இப்போது சிறுநீரகச் சிகிச்சை மையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறேன். நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடும் வேலையைத் தருகிறேன் என்கிறார்கள். ஜூலை முதல் தேதி சொந்தக் காரோடு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

இங்கே ஒரு பல் மருத்துவர் அம்மா தன் பச்சைக் காரை விற்கிறார். அவர் இரண்டாவது சொந்தக்காரர். வண்டி முதலில் பதிவானது உங்கள் ஊரில். அங்கே பதிவு அலுவலகத்தில் அதன் பழைய கதையை விசாரித்துச் சொல்வீர்களா? பதிவுப் புத்தகத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

தங்கள் அன்பு மறவாத,
கடுகு
(இப்போதெல்லாம் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. நானே கூப்பிட்டுக்கொள்கிறேன்.)


பிப்ரவரி 21

அன்பு நாத்தனார் அம்மாளுக்கு,

அண்ணியின் ஆசிகள். முழங்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாற்காலி இன்னும் வரவில்லை. உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் அண்ணன் சுகமாக இருக்கிறார். நீ விசாரிக்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்தேனா, வீட்டுக்கு வந்து வேறெங்கோ வைத்து மறந்துவிட்டேன். வயசாகிறது. நல்லவேளை, மறுநாள் கிடைத்துவிட்டது.

அலுவலகத்துக்குப் போகும் முன் விவரம் தெரிந்தவர் ஒருவரைக் கேட்பது நல்லது என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், வண்டி விஷயத்தில் கெட்டிக்காரர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணை நம்பக் கூடாதாம். வண்டியின் இரும்பிலேயே அந்த எண்ணை அடித்திருப்பார்களாம். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தடத்தை அனுப்ப வேண்டும். பார்த்து எழுதி அனுப்பினால் கை தவறுமாம், தடம் தவறாதாம். அடுத்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்குமாம். எல்லாவற்றையும் கழுவுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்களாம். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாலு கதவையும் ஒவ்வொன்றாகச் சாத்து. நாலும் ஒரே குரலில் பேச வேண்டும். முக்கியமாக, சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே விஷயத்தை ஏன் இரண்டு தரம் எழுதுகிறேன் என்று கேட்காதே. அவர் இரண்டு தரம் சொன்னார்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். ஒத்தடத்தில் தோள் தேவலை. நீங்கள் அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். "அனைவரும்" என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டேன். தாளும் பென்சிலுமாக நான் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்ததைப் பார்த்து அந்தம்மா பக்கத்தில் வந்து நின்றார். "வாயத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாக்கறது என் வேலை. நீ என்னம்மா என் வண்டிக்குப் பண்றே?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை.

முதல் தாள் கிழிந்தது, இரண்டாவது நகர்ந்தது, மூன்றாவதை இத்துடன் வைத்திருக்கிறேன். என் மூக்கிலும் பென்சில் கரி. தரைவிரிப்புக்கு அடியில் காய்ந்த மண்ணும் ஒரு பொத்தானும் தவிர ஒன்றுமில்லை. சீட் பெல்ட் நாலையும் கடைசி வரை இழுத்தேன். சுத்தம். அதை இரண்டு தரம் சொன்னவரிடம் நீங்களும் இரண்டு தரம் சொல்லுங்கள்.

கதவுகள்தான் குழப்பம். மூன்று கதவு 'டப்' என்று ஒரே மாதிரி சாத்திக்கொண்டன. பின்பக்கம் இடதுபுறம் இருக்கும் நாலாவது கதவு வேறு மாதிரி. கொஞ்சம் ஓட்டையாக ஒரு சத்தம். நிறமும் ஒரு பொட்டு அடர்த்தி. டாக்டரைக் கேட்டேன். "நான் வாங்கும்போதே அப்படித்தான்" என்கிறார். என் நோயாளிகள் ஏறி இறங்கப்போவது அந்தக் கதவு வழியாகத்தான்.

ஒரு சந்தேகம் அண்ணி. கண்ணை மூடிக்கொண்டு கதவைக் கேட்கிற ஆளை என் வாழ்க்கையில் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் அப்படிக் கேட்கும்போது மூக்கைச் சுருக்குவாரோ? சும்மாதான் கேட்டேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அறியாத மனிதர், மரியாதையாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடுகு


மார்ச் 23

அன்பு நாத்தனார் அம்மாளுக்கு,

நலம். உன் நலமும் அதுவே ஆகட்டும். அடுத்தவர் மூக்கை நான் கவனிப்பதில்லை. என் கடையில் மூக்கின் மேல் என்ன உட்காருகிறது என்பதோடு என் வேலை முடிந்தது.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. உன் அண்ணனோடு பஸ்ஸில் ஒரு நீண்ட பயணம் போய் வந்தேன். வண்டியில் இருந்த அத்தனை பேரும் தூங்கினார்கள், உன் அண்ணன் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கியர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். நடுவழியில் எழுந்துபோய் டிரைவரிடம் புகாரும் சொன்னார். டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாணமான நாளிலிருந்து ஓடுகிற வண்டியில் இவர் கண்ணசந்து நான் பார்த்ததில்லை.

நல்ல சேதி இல்லை. நீ அனுப்பிய தடத்தையும் புத்தகத்தின் நகலையும் தெரிந்தவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தடத்தில் கடைசி எண் எட்டு, புத்தகத்தில் மூன்று. கடையிலிருந்து ஒரு பெரிய லென்ஸ் கொண்டுவரச் சொல்லி, நெடுநேரம் அந்தத் தாளை விட்டு நிமிரவே இல்லை. வண்டியில் இருக்கும் எட்டு திருத்தியது இல்லையாம், எல்லா எண்ணும் ஒரே ஆழமாம். அப்படியானால் இந்தப் புத்தகம் இந்த வண்டியுடையதுதானா? "கேள்விக்குப் பதில் கெடைக்கிற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது, முன்பணமும் தரக் கூடாது" என்கிறார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. அறியாத பெண்ணுக்காக இவ்வளவு படபடப்பு எதற்கோ.

அடுத்த வாரம் அரைநாள் விடுப்பு கிடைத்தால் பதிவு அலுவலகம் போகிறேன். பொறு.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

மூன்றையும் எட்டையும் டாக்டரிடம் சொன்னேன். அந்தம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. "அப்போ அஞ்சு வருஷமா நான் திருட்டு வண்டியவா ஓட்டறேன்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அவரை அழவைக்கவா நான் போனேன்? திரும்பி வரும்போது என்மேலேயே எரிச்சல். நல்ல மனுஷி. எனக்குப் பிறகு வேறொருவர் வந்து, ஒன்றும் கேட்காமல், பெயிண்ட் பளபளப்பைப் பார்த்தே வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். "சந்தேகத்தோட விக்க மாட்டேன்" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார் டாக்டர்.

மையத்தில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வாரம் மூன்று நாள் இரண்டு பஸ் மாறி வருகிறார். திரும்பும்போது காலில் நிற்கவே தெம்பு இருக்காது. தினமும் கேட்பார், "கார் வந்தாச்சா?" இப்போது என்னைப் பார்த்ததும் கேட்காமல் சிரிக்க மட்டும் செய்கிறார். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கோபத்தில் ஒரு நாள், போனால் போகட்டும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். கண்ணை மூடினால் அந்த நடுரோடுதான் தெரிகிறது. ஆகவே பொறுக்கிறேன். நீங்களும் காலை இழுத்துக்கொண்டு ஓடாமல் மெதுவாகப் போங்கள்.

இப்படிக்கு,
கடுகு


ஏப்ரல் 20

அன்பு நாத்தனார் அம்மாளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து இதைப் படி.

பதிவு அலுவலகத்தில் மூன்று முறை வரிசையில் நின்றேன். முதல் நாள் என் முறை வரும்போது சன்னலை மூடிவிட்டார்கள். இரண்டாம் நாள், வண்டிக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் நடுவில் ஒரு கார்டு போட்டு, உன் டாக்டர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னேன். மூன்றாம் நாள் பழைய பதிவு கிடைத்தது. எட்டு! வண்டி முதலில் பதிவானபோது எட்டுதான். டாக்டர் பெயருக்கு மாற்றிப் புதுப் புத்தகம் அடித்தபோது யாரோ அதை மூன்றாக்கிவிட்டார்கள். சன்னலுக்குள் இருந்த அம்மா பதிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடியின் பவர் போதாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்தால் ஜூன் முதல் வாரத்துக்குள் சரியான புத்தகம் வந்துவிடும். கடன் பாக்கி எதுவும் வண்டி மேல் இல்லை.

முதல் சொந்தக்காரர் முகவரியும் கிடைத்தது. தெரிந்தவர் விடவில்லை, நேரில் போய்க் கேட்டே ஆகவேண்டும் என்றார். போனேன். அவர் ஒரு கேக் கடைக்காரர்! மூன்று வருடம் அந்தக் காரில் வீடு வீடாக கேக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். "விபத்து ஏதாவது நடந்ததா?" என்று கேட்டேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மூணு அடுக்கு கேக்க பின்னாடி வெச்சிக்கிட்டு எவனாவது வண்டிய பள்ளத்துல எறக்குவானாம்மா? மாட்டு வண்டிகூட என்னைத் தாண்டிப் போவும்!" என்றார்.

கதவு? ஒரு நாள் காற்றில் அவர் வீட்டு இரும்புக் கேட் வந்து அறைந்து நசுங்கிவிட்டதாம். அதே வகைக் காரிலிருந்து வேறொரு கதவைக் கழற்றி மாட்டியிருக்கிறார். "அந்தக் கதவு மட்டும் மழைக்கு லேசா ஒழுகும், சொல்லிடுங்க" என்று அவராகவே சொன்னார். வரும்போது ஒரு துண்டு கேக் கட்டிக் கொடுத்தார்.

இதைத் தெரிந்தவரிடம் சொன்னபோது சிரித்தார். ரொம்ப நாள் கழித்து இன்றுதான் சிரித்தார். கேக்கையும் அவரே சாப்பிட்டார்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் முழங்காலுக்கு நான் கோயில் கட்ட வேண்டும்.

கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். மூன்று அடுக்கு கேக் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். திருத்தத்துக்கு அன்றே எழுதிக் கொடுத்தார். ஜூன் வரை வேறு யாருக்கும் வண்டியைக் காட்டமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். கணக்கு டீச்சரிடம் சொன்னேன். "கேக்கு போன வண்டில நான் போனா குலுங்காது" என்று இப்போதே பின்சீட்டில் இடம் பிடித்துவிட்டார்.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. உங்களுக்குத் தெரிந்தவரிடம் நேராகக் கேளுங்கள். எண்ணைப் பார்த்தாயிற்று, பெல்ட்டைப் பார்த்தாயிற்று, பழைய கதையும் தெரிந்தாயிற்று. இப்போது சொல்லட்டும். வாங்கலாமா? அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குத் தூக்கம் வரும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
கடுகு


மே 28

அன்பு நாத்தனார் அம்மாளுக்கு,

சுகம்தான். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நான்கு தடவை எழுத உட்கார்ந்து நான்கு தடவையும் எழுந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

கேட்டேன். தெரிந்தவர் வாயைத் திறக்க மறுக்கிறார். எண்ணைப் பற்றிக் கேட்டால் பேசுகிறார், பிரேக்கைப் பற்றி, டயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார். "வாங்கலாமா?" என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார். பட்டறையில் ஏற்கனவே துடைத்து வைத்த ஸ்பானர்களை மறுபடி துடைக்கிறார். ஒரு முறை வற்புறுத்திக் கேட்டேன். "ஒருத்திகிட்ட ஒரு தடவ 'வாங்கு'ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அந்த வார்த்தை எனக்கு வாயில வர்றதில்ல" என்றார். அன்று இரவு சாப்பிடவில்லை.

நான் இதுவரை உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே நீ இரண்டு வருடமாக நினைக்கிறாய்? கோபக்காரன் எதிரே வந்து கத்துவான். இவர் உன் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறார். அன்றிலிருந்து எந்த வண்டி பட்டறைக்குள் வந்தாலும், டயர் மாற்றத்தான் வந்திருந்தாலும், முதலில் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறார். வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள்.

'தெரிந்தவர்', 'தெரிந்தவர்' என்று எழுதி எனக்கும் கை வலிக்கிறது. ஆனாலும் அவர் விரும்பும் வரை அப்படியே எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மையத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். டீச்சர் பார்த்துவிட்டு, "கெட்ட சேதியா?" என்று கேட்டார். "இல்ல, நல்ல சேதி" என்றேன். உண்மையில் நல்ல சேதிதான். ஒரு முட்டாள் என்மேல் கோபமாக இல்லை என்பது நல்ல சேதி இல்லாமல் என்ன?

உங்களுக்குத் தெரிந்தவருக்குச் சில வரிகள் எழுதுகிறேன். வழக்கம்போல எங்கேயாவது வைத்து மறந்துவிடுங்கள்.

ஐயா, நீங்கள் 'வாங்கு' என்று சொல்ல வேண்டாம். இந்தத் தடவை முடிவு என்னுடையது. கெட்டால் என் தலையில். பழைய வண்டி போனது எனக்கு ஆறிப்போன விஷயம். ஆறாதது, மணி அடித்து 'யாரு?' என்ற குரலைக் கேட்டுவிட்டு வைப்பதுதான். திருத்திய புத்தகம் நேற்று வந்துவிட்டது. தாளில் பார்க்க வேண்டியதெல்லாம் முடிந்தது. நாலாவது கதவு மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட் அடித்ததில் கதவு மட்டும்தான் போனதா, உள்ளே கதவைத் தாங்கும் தூணும் வளைந்ததா? கண்ணை மூடிக்கொண்டு இருபது தரம் சாத்திப் பார்த்துவிட்டேன். எனக்கு அந்தக் காது இல்லை. அது இருக்கும் ஆளை எனக்குத் தெரியும். அந்தக் கதவு வழியாக வயதானவர்கள் ஏறி இறங்கப் போகிறார்கள். அவ்வளவுதான்.

அண்ணி, மாதம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடுகு


ஜூன் 12

அன்பு நாத்தனார் அம்மாளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் சேர்த்துக்கொள்.

உன் கடிதத்தை மறந்தேன். மறுநாள் காலையில் உன் அண்ணன் பட்டறையில் இரண்டு நாள் விடுமுறைப் பலகை மாட்டினார். எங்கே என்றேன். பெயிண்ட் வாங்கப் போகிறாராம். பெயிண்ட் கடை எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. பெயிண்ட் வாங்கப் போகிறவர் எதற்கு டார்ச், காந்தம், ஒரு முழுப் பை ஸ்பானர், மாற்றுச் சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த நல்ல நீலச் சட்டையை மட்டும் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் அவர் பெயிண்ட் வாங்கி முடித்திருப்பார். அந்தப் பக்கம் அவரைப் பார்த்தால் நான் எழுதினேன் என்று சொல்லாதே. வயிறாரச் சாப்பாடு போடு.

அண்ணி


ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம், சுகம், சுகம். உங்கள் கடிதம் அவன் வந்ததற்கு மறுநாள்தான் வந்தது.

காலையில் கதவைத் திறந்தேன், நீலச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். இரண்டு வருடத்தில் காதோரம் எல்லாம் நரைத்துவிட்டது, நீங்கள் சொல்லவே இல்லையே! அவன் என்னைப் பார்க்காமல், என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "வண்டி எங்க?" என்றான். "உள்ள வா, காபி குடி" என்றேன். "மொதல்ல வண்டி" என்றான்.

டாக்டர் வீட்டில் அரைநாள் அந்தக் காருக்கு அடியிலேயே கிடந்தான். நாலாவது கதவின் உள்தகட்டைக் கழற்றி, பூச்சு வைத்து மறைத்த இடத்தில் ஒட்டாது என்று தூண் நெடுகக் காந்தத்தை ஓட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். தூண் நேராகத்தான் இருக்கிறதாம். கதவு ரப்பர் மட்டும் செத்துவிட்டதாம். பையிலிருந்து புது ரப்பரை எடுத்து மாட்டினான். அளவெல்லாம் தெரிந்து கொண்டு வந்திருக்கிறான், பாருங்கள்! பிறகு நாலு கதவையும் கண்ணை மூடிக்கொண்டு சாத்தினான். மூக்கைச் சுருக்கினான். டாக்டர் என் காதில், "இவர்தான் அந்தத் தெரிஞ்சவரா?" என்றார். நான் தலையாட்டினேன்.

"வாங்கலாமாண்ணா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், வாய் முந்திக்கொண்டது. அவன் சாவியை என்னிடம் நீட்டினான். நாலாவது கதவைத் திறந்து பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். "நோயாளி உக்கார்ற எடத்துல நான் உக்கார்றேன். நீ ஓட்டு" என்றான்.

ஓட்டினேன். கடைத்தெரு, ரயில்வே கேட், பாலம் என்று, டீச்சர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே போனேன். போகப் போகத் தைரியம் வந்து பேச ஆரம்பித்தேன். நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களை எப்படிப் படித்தாய் என்று கேட்டதற்கு, "அவ என் சாப்பாட்டுப் பைக்குள்ள மறந்து வெப்பா. நான் தெரியாம படிப்பேன்" என்றான். நான் சிரித்துக்கொண்டே மையத்தைப் பற்றி, டீச்சரைப் பற்றி, கேக் கடைக்காரரைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. கோபமோ என்று கண்ணாடியில் பார்த்தேன்.

அண்ணி, அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். தலையை அந்த நாலாவது கதவில் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு, குழந்தை மாதிரி தூக்கம். இரவு முழுக்க பஸ்ஸில் கியர் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தவன்! நிறுத்தினால் விழித்துவிடுவானோ என்று நிறுத்தவே இல்லை. பாலத்தை மூன்று தரம் சுற்றினேன். சுற்றிக்கொண்டே அழுதேன். வண்டியை நல்ல வண்டி என்று இதற்குமேல் யார் எனக்குச் சொல்ல வேண்டும்?

விழித்ததும், "எங்க இருக்கோம்?" என்றான். "வீட்டுக்கு வந்துட்டோம்" என்றேன். வயிறாரச் சாப்பிட்டான். அந்த வார்த்தையை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. பரவாயில்லை. மறுநாள் நானும் டாக்டரும் பெயர் மாற்றக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஜூலை முதல் தேதி முதல் சவாரி டீச்சருக்கு.

ஒரு டப்பா பெயிண்ட் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பொய் சொன்னவனாக அவன் வீட்டுக்கு வரக் கூடாது.

என்றும் அன்புடன்,
கடுகு


ஜூன் 27

கடுகுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

உன் அண்ணி உன் கடிதத்தை மறுபடியும் என் சாப்பாட்டுப் பையில் மறந்துவிட்டாள். படித்தேன். அதில் ஒரு தப்பு இருக்கிறது. நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பாலத்தை மூன்று தரம் சுற்றியது எனக்குத் தெரியும். இரண்டாவது தரம் நீ கியரைக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிவிட்டாய். நீ அழுததும் கேட்டது.

புது ரப்பர் ஒரு மழைக்கு அப்புறம் படியும். அதுவரை கதவைச் சற்று அழுத்திச் சாத்து. டீச்சரம்மாவை மெதுவாக ஏறச் சொல்.

அந்தச் சிநேகிதன் வண்டியை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லத்தான் வந்தேன். வாசலில் உன்னைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

'யாரு?' என்று கேட்டதும் போனை வைப்பது யார் என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். இனி நான் 'யாரு?' என்று கேட்க மாட்டேன். நீ வைக்காதே.

நீ கையெழுத்துப் போட்டு வண்டி உன் பெயருக்கு வந்துவிட்டது. இனிமேல் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. இருந்தாலும் நான் சொல்ல வேண்டும். வண்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வாங்கு.

அண்ணன்